அக்காள் மகனின் பயிற்சி ஏட்டில் நான் கையெழுத்திடலாமா?

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு நகரத்தின் அரசு மருத்துவமனையில் பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருக்கிறேன். என் அக்காள் மகன், மருத்துவப் படிப்பை முடித்த புதிய டாக்டர்களுக்கான ஹவுஸ்மேன் பயிற்சிக்கு இதே மருத்துவமனைக்கு வந்திருக்கிறான். அடுத்த மாதம் என் பிரிவில் சேர்கிறான்; தங்கியிருப்பதும் என் வீட்டில்தான். அப்பா இறந்த பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர் அக்கா. “நீயே பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடு தம்பி, இரவு வேலை அதிகம் விழாமல் பார்த்துக்கொள்” என்கிறார். சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அவனுடைய பயிற்சி ஏட்டில் கையெழுத்திட வேண்டியவனும், முடிவில் அவன் தேறினானா இல்லையா என்று எழுத வேண்டியவனும் நானே. எனக்குக் கீழ் உள்ள நிபுணர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் போதுமா? மருத்துவ இதழுக்காக நான் எழுதிவரும் ஒரு நோயாளர் அறிக்கையில் அவன் பெயரையும் சேர்க்கலாமா? என் மகளுக்கு அவனைப் பேசலாம் என்றோர் எண்ணமும் குடும்பத்தில் இருக்கிறது. ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். அவருடைய தகுதியைப் பற்றி எதையும் எழுதாதீர்கள், எதிலும் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்குக் கீழ் வேலை செய்யும் நிபுணரிடம் அந்தப் பேனாவைக் கொடுப்பதும் போதாது. கற்பிப்பதும் தகுதி காண்பதும் பெரும்பாலும் ஒரே ஆள் செய்யும் வேலைகளாக இருப்பதால் அவை ஒன்றே என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உறவு குறுக்கே வரும்போதுதான் அவை இரண்டும் வேறு வேறு கடமைகள் என்பது தெரிகிறது.

உறவினருக்கு மருத்துவம் கற்பிப்பதே தவறு என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியே, தன் பிள்ளைகளுக்கும் தன் ஆசிரியரின் பிள்ளைகளுக்கும் இந்தக் கலையைக் கற்பிப்பதை மருத்துவனின் கடமையாக வைக்கிறது. ஆசிரியரின் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. நம் சித்த மருத்துவமும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குள்தான் கைமாறி வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சீடனின் தகுதிக்கு உத்தரவாதம் அந்தக் குடும்பத்தின் பெயர். சீடன் தவறினால் கெடுவது வைத்தியரின் பெயராக இருந்ததால், அரைகுறையாகக் கற்றவனை வெளியே அனுப்ப அவருக்கே அச்சம் இருந்திருக்கும்.

இன்று அந்த உத்தரவாதத்தைத் தருவது நாடு. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் உங்கள் அக்காள் மகனிடம் இப்போது இருப்பது தற்காலிகப் பதிவு மட்டுமே. 2008 முதல் இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட இந்தப் பயிற்சியில், நான்கு நான்கு மாதங்களாக ஆறு பிரிவுகளைக் கடந்து, ஒவ்வொரு பிரிவிலும் ‘இவர் பாதுகாப்பாக வேலை செய்யக்கூடியவர்’ என்று மூத்தவர்கள் எழுதித் தந்த பிறகே மலேசிய மருத்துவ மன்றம் அவருக்கு முழுப் பதிவைத் தருகிறது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு சிறு மருத்துவமனையில், நள்ளிரவில், செம்பனைக் குலை விழுந்து தோள் நசுங்கிய ஒரு தொழிலாளியின் முன்னால் அவர் தனியாக நிற்கவேண்டி வரும். அந்தத் தொழிலாளிக்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரெசர் என்ற உதவியாளர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கிக் குடித்த நம் பெற்றோரைப் போலத்தான் அவரும். அவர் சார்பில் கேள்வி கேட்கவேண்டிய கடைசி ஆள் பயிற்சி ஏட்டில் கையெழுத்திடுகிறவர். ஆகவே அந்தக் கையெழுத்து உங்கள் மருமகனுக்கு நீங்கள் தரும் ஆசீர்வாதம் அன்று. முகம் தெரியாத அந்த நோயாளிக்கு நீங்கள் எழுதித் தரும் உறுதி.

இந்தக் காரணத்தை வரலாறு மிகக் கொடிய முறையில் ஒருமுறை காட்டியிருக்கிறது. அதுவும் உறவு முறை சார்ந்த கதைதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1828 மார்ச் மாதம் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிரான்ஸ்பி கூப்பர் என்ற அறுவை மருத்துவர், சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுவதற்காக ஒரு கூலித் தொழிலாளிக்கு அறுவை செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம். கைதேர்ந்தவர்கள் சில நிமிடங்களில் முடித்துவிடும் அந்த வேலை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. மாணவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார், மறுநாள் இறந்துபோனார். பிரான்ஸ்பி, அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான சர் ஆஸ்ட்லி கூப்பரின் உடன்பிறந்தார் மகன். அவரிடமே பயின்று அதே மருத்துவமனையில் பதவியும் பெற்றவர். லண்டன் மருத்துவமனைகளில் பதவிகள் உறவுக்குள்ளேயே பங்கிடப்படுவதை எதிர்த்து வந்த ‘லான்செட்’ இதழின் ஆசிரியர் தாமஸ் வேக்லி அந்த அறுவையைப் பற்றி விரிவாக வெளியிட்டு, இவருக்கு இந்தப் பதவி கிடைத்ததற்குக் காரணம் இன்னாருக்கு உறவு என்பதே என்று எழுதினார். பிரான்ஸ்பி அவதூறு வழக்குத் தொடுத்து 2,000 பவுன் இழப்பீடு கேட்டார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது; ஆனால் நீதிமன்றம் கொடுத்தது 100 பவுன்.

இந்தக் கதையில் தொழிலாளிக்கு நேர்ந்த கொடுமை எல்லார் கண்ணிலும் படும். பிரான்ஸ்பிக்கு நேர்ந்ததையும் நீங்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன். அந்த அறுவை உண்மையிலேயே எவர் கைக்கும் கடினமானதாக இருந்திருக்கலாம். பிரான்ஸ்பி பிற அறுவைகளில் திறமையானவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், அவருடைய திறமையை உறவிலிருந்து பிரித்துப் பார்க்க எவராலும் முடியாமல் போயிற்று. வழக்கில் வென்றும் அவர் அந்தப் பேச்சிலிருந்து தப்பவில்லை. ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து நானும் அவரை அந்த உறவைச் சொல்லித்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

இனி, கீழுள்ள நிபுணரிடம் பொறுப்பை ஒப்படைப்பது ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். அந்த நிபுணரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் நீங்கள். அவருடைய விடுப்பு, மேற்படிப்பு, இடமாற்றம் எல்லாவற்றிலும் உங்கள் சொல்லுக்கு எடை உண்டு. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், உங்கள் அக்காள் மகனைப் பற்றிக் குறை எழுதும்போது அவர் கை ஒரு கணம் தயங்கும். உறவே இல்லாத இடங்களிலும் இந்தத் தயக்கம் இருக்கிறது. பயிற்சி மருத்துவரின் குறையைக் கண்ணால் கண்ட பிறகும், முறையாகக் குறித்துவைக்காததாலும், மேல்முறையீட்டுக்கு அஞ்சியும், ஓர் இளைஞரின் எதிர்காலத்தைக் கெடுக்க மனம் வராமலும், ‘தேறவில்லை’ என்று எழுத மூத்தவர்கள் பின்வாங்குவதை மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனை தயக்கங்களோடு பிரிவுத் தலைவரின் உறவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஏட்டில் எழுதப்படுவதைக் காட்டிலும் எனக்கு அதிகக் கவலை தருவது வார்டில் சொல்லப்படாமல் போவதுதான். மூத்தவர்களோடு ஒட்டி நின்று வேலை பழகும் தொடக்க நாள்களான ‘டேகிங்’ முடிவதற்கு முன்பே ஒரு ஹவுஸ்மேனைப் பற்றி வார்டுக்குப் பாதி தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க மறந்தார், நீரிழிவு நோயாளியின் காலில் கட்டைப் பிரித்துப் பார்க்காமலே ‘புண் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினார் என்பதையெல்லாம் முதலில் கவனிப்பவர் தாதி, அடுத்து எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரி. மற்ற ஹவுஸ்மேனாக இருந்தால் அந்த இடத்திலேயே கண்டித்துத் திருத்திவிடுவார்கள். தலைவரின் மருமகன் என்றால் பேசாமல் தாங்களே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுவார்கள். நான்கு மாதமும் அவர்மேல் ஒரு குறையும் வராது. திருத்தப்பட வேண்டிய வயதில் திருத்தப்படாமலே அவர் அடுத்த பிரிவுக்குப் போவார். சலுகை என்று நாம் நினைப்பது அவருடைய படிப்பையே திருடிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நீங்கள் அதில்தான் விழுவீர்கள் என்று தோன்றுகிறது. ‘நான் பாரபட்சம் பார்ப்பவன் இல்லை’ என்று காட்டுவதற்காகச் சிலர் உறவினரை மட்டும் நோயாளிகள் முன்னால் உரத்துக் கண்டிப்பார்கள். மற்றவர் செய்தால் மன்னிக்கும் சிறு பிழைக்கு அவருக்கு மட்டும் தண்டனை தருவார்கள். தேறியிருக்க வேண்டியவரின் பயிற்சியை நீட்டித்து ‘எக்ஸ்டெண்ட்’ செய்துவிடுவார்கள். இதுவும் அதே உறவின் வேலைதான். அந்த இளைஞருடைய உழைப்பைச் செலவழித்து நீங்கள் உங்களுக்கு நற்பெயர் வாங்கிக்கொள்வதாகும். தளர்வாக எழுதினாலும் கடுமையாக எழுதினாலும் அளவுகோல் வளைந்துதான் போகிறது; அதனால்தான் அது உங்கள் கையில் இருக்கக்கூடாது என்கிறேன்.

சட்டமும் இதைக் குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயமாக விடவில்லை. அரசு ஊழியர்களுக்கான 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளின் 4ஆவது விதி, சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதும் வகையில் நடந்துகொள்வதைத் தடை செய்கிறது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பதவியைப் பயன்படுத்திப் பலன் தேடுவதைக் குற்றமாக்கி, தனக்கோ தன் உறவினருக்கோ நலன் உள்ள ஒரு விவகாரத்தில் அதிகாரி முடிவெடுத்தாலே அவ்வாறு பயன்படுத்தியதாக, மறுத்து நிரூபிக்கப்படும்வரை, அனுமானிக்க இடம் தருகிறது. உடன்பிறந்தோரின் பிள்ளைகளும் அச்சட்டத்தின் பார்வையில் உறவினரே. உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லெண்ணம் மட்டும் தற்காப்பாகாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆகவே அவர் உங்கள் பிரிவில் சேரும் நாளுக்கு முன்பே மருத்துவமனை இயக்குநருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. அவர் உங்கள் உடன்பிறந்த அக்காளின் மகன், உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார், அவருடைய மதிப்பீடு, பயிற்சி நீட்டிப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநேரப் பட்டியல் ஆகிய எதிலும் நீங்கள் பங்கெடுக்கப் போவதில்லை, மாற்று ஏற்பாடு வேண்டும் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அறுவைப் பயிற்சியை மட்டும் வேறு மருத்துவமனையில் முடிக்க வழி இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் சுத்தமான தீர்வு. அது இயலாவிட்டால், அவரை மதிப்பிடுபவர் உங்களுக்குக் கீழ்ப்பட்டவராக இல்லாமல், ஹவுஸ்மேன் பயிற்சிக்குப் பொறுப்பான வேறு பிரிவின் நிபுணரோ பக்கத்து மருத்துவமனையின் அறுவை நிபுணரோ இருக்கட்டும்; அவர் நேரே இயக்குநருக்கு அறிக்கை தரட்டும். தாதியரும் எம்.ஓ.க்களும் குறைகளை யாரிடம் சொல்லவேண்டும் என்பதை இயக்குநரே அவர்களிடம் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கவேண்டாம்.

நள்ளிரவில் குடல் வெடித்த நோயாளி வந்து, அழைப்பில் நீங்களும் பணியில் அவருமே இருந்தால், தயங்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு அறுவை அரங்குக்குள் போங்கள். அங்கே நோயாளிதான் முக்கியம். அவர் செய்ததை ஏட்டில் சான்றளிப்பதை மட்டும் அங்கு உடனிருந்த வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

கற்பிப்பது எப்படி என்று கேட்டால், கதவைத் திறந்துவைத்துக் கற்பியுங்கள் என்பேன். வாரம் ஒரு மாலை, வயிற்று வலியை எப்படிப் பரிசோதிப்பது, எந்த வயிற்றைக் காலைவரை காத்திருக்க விடக்கூடாது, கோழித் தோலில் தையல் எப்படிப் பழகுவது என்றெல்லாம் அவருக்கு வீட்டில் சொல்லித்தர நினைத்திருப்பீர்கள். அதே பாடத்தை மருத்துவமனைக் கூட்ட அறையில் எல்லா ஹவுஸ்மேன்களுக்கும் நடத்துங்கள். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். உங்கள் அக்காவின் ஆசையும் நிறைவேறும், மாமனே டாக்டராக வாய்க்காத பிள்ளைகளுக்கும் உங்கள் அனுபவம் கிடைக்கும். நம் தோட்டப்புறங்களிலிருந்து வந்த பல ஹவுஸ்மேன்களுக்குக் குடும்பத்தில் முதல் டாக்டர் அவர்களேதான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. வீட்டில் நீங்கள் இருவரும் பேசும்போது இரண்டே கட்டுப்பாடுகள்: நோயாளிகளை அடையாளம் தெரியும்படி பேசவேண்டாம், மதிப்பீட்டில் என்ன கேட்பார்கள் என்பதைப் பற்றியும் பேசவேண்டாம்.

உங்கள் வீட்டில் அவர் தங்குவதைப் பற்றியும் ஒரு சொல். அந்த நான்கு மாதமாவது சக ஹவுஸ்மேன்களோடு வாடகை வீட்டில் இருக்கட்டும். காலையில் தலைவரின் காரில் வந்து இறங்குபவரிடம் மற்றவர்கள் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். பேச்சுத் துணையில்லாத ஹவுஸ்மேன் தன் தவற்றை ஒத்துக்கொள்ளவும் ஆளில்லாமல் தவிப்பார்.

மகளுக்கு அவரைப் பேசும் எண்ணத்தைக் கடிதத்தின் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது கடைசி வரிச் செய்தியாகப் படவில்லை. அப்படியொரு பேச்சு உறவுக்குள் இருக்கும்போது அவருடைய தேர்ச்சி உங்கள் சொந்த வீட்டின் எதிர்காலமும் ஆகிவிடுகிறது. முடிவாகாத திருமணப் பேச்சை இயக்குநருக்கு எழுதவேண்டியதில்லை. ஆனால் பயிற்சி முடிந்து முழுப் பதிவு கிடைக்கும்வரை அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று குடும்பத்தில் சொல்லிவையுங்கள். ‘மாமன் கையில் என் ஹவுஸ்மேன்ஷிப் இருக்கிறது, எப்படி மறுப்பது’ என்ற நிலையில் எந்த இளைஞரையும், இன்னொரு பக்கம் உங்கள் மகளையும், நிறுத்தக்கூடாது.

நோயாளர் அறிக்கைக்கு விடை சுருக்கமானது. அந்த நோயாளியை அவர் கவனித்து, அறிக்கையின் ஒரு பகுதியை எழுதி, முழுதையும் படித்துப் பொறுப்பேற்றால் பெயர் இருக்கலாம். அவர் இன்னும் உங்கள் பிரிவுக்கே வரவில்லை என்பதால் அப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை. அந்த நோயாளியை வார்டில் கவனித்த ஹவுஸ்மேன் யார் என்று பாருங்கள், இடம் அவருக்குரியது.

அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு இவை எல்லாவற்றையும்விடக் கடினம் என்று நினைக்கிறேன். விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போய் உங்களை டாக்டராக்கியவர் கேட்கும்போது விதிமுறையை எடுத்து நீட்டுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். அவருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் உண்மையானது. அது தீர்க்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் அதை உங்கள் சம்பளத்திலிருந்தும், நேரத்திலிருந்தும், பாசத்திலிருந்தும் தீருங்கள். பிரிவுத் தலைவர் என்ற அதிகாரம் உங்கள் சொத்து அன்று என்பதால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அக்காவின் மகனுக்குக் குறைக்கும் இரவுப் பணி மறைந்துவிடாது. அது இன்னொரு தாயின் பிள்ளை தலையில் விழும். அந்தத் தாயும் ஏதோ ஒரு தோட்டத்தில் மகனை எண்ணிக்கொண்டிருப்பவராக இருக்கலாம் என்பதை அக்காவிடம் சொன்னால், தோட்டத்தில் வேலைப் பங்கீட்டில் நடந்த ஓரவஞ்சனையைக் கண்ணால் கண்டவர் அவர், புரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்க்கப்படுகிறார்கள். நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் 2021 ஜூலையில் இளம் டாக்டர்கள் கருப்பு உடையணிந்து வெளியே வந்து நின்றார்கள். இப்படிப்பட்ட போட்டியில் உறவினர் எழுதிய நல்ல அறிக்கை அந்தப் பிள்ளைக்கு உதவாது. யாராவது ஒருவர் புகார் எழுதினால் அதுவே அவர்மேல் கறையாகிவிடும். ‘கேபிள்’, அதாவது செல்வாக்குள்ளவரின் தொடர்பு, உள்ளவனுக்குத்தான் கதவு திறக்கிறது என்று நம் சமூகம் எத்தனையோ ஆண்டுகளாக மனம் புழுங்கிப் பேசி வந்திருக்கிறது. நம் கையில் ஒரு கதவு வந்திருக்கும் இப்போது நாம் அதை எப்படித் திறக்கிறோம் என்பதை நம்மவரும் பிறரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் இந்த விவகாரம் தீர்ந்துவிடாது. நாளை அவர் அறுவைத் துறையிலேயே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது பரிந்துரைக் கடிதத்துக்கு முதலில் உங்களிடம்தான் வருவார். அவருடைய வேலையை நேரில் பார்த்து மதிப்பிட்ட அந்த வெளி நிபுணரிடம் அவரை அனுப்புங்கள். தேர்வுக் குழுவில் உங்களை உட்காரச் சொன்னால் உறவைச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். இயக்குநருக்கு நீங்கள் இப்போது எழுதும் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்; அந்த நேரத்தில் அது உங்கள் இருவருக்கும் தேவைப்படும்.